பொதுச் சுவரின் மேல் இரண்டு ஒயர்கள்

1.

இந்தக் கதை எனக்கு ஏணி மேலிருந்து கிடைத்தது. 2008இல் எங்கள் தெருவில் ஒரு சங்கிலிப் பறிப்பு நடந்தது. பறிகொடுக்கச் சங்கிலியே இல்லாத நாங்கள்கூட வாசலில் கேமரா மாட்டிக்கொண்டோம். ஒயர் இழுக்க வந்தவர் எட்மண்ட், கிழக்குத் தாம்பரத்துக்காரர். சன்ஷேடுக்கு மேலே கிளிப் அடித்துக்கொண்டே, முடிச்சூரில் தான் செய்த ஒரு வேலையைப் பற்றிச் சொன்னார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விட்டுவிட்டு ஓடிப்போய்க் குறிப்பெடுக்க முடியாத நிலை, அதனால் பாதி மறந்துவிட்டது. மறந்த பாதியை நான் இட்டுக்கட்டியிருக்கிறேன். அவர் சொன்ன பாதியும் இட்டுக்கட்டியதாக இருக்கலாம்.

எழுத உட்கார்ந்ததும் முதலில் வந்த வரி: "கண்காணிப்பு என்பது நவீன மனிதனின்..." இதை எழுதியவனை எனக்கே பிடிக்கவில்லை, அடித்துவிட்டேன். அடுத்தது: "முடிச்சூர் ஏரிக்கரையில் அந்தி சாய்ந்துகொண்டிருந்தது, தூரத்தில் ஒரு..." தூரத்தில் என்ன என்று யோசித்து ஒரு நாள் போனது. ஒயர் வேலை நடந்ததோ பட்டப்பகலில். அந்திக்கு அங்கே என்ன வேலை?

மூன்றாவது வரி தேவலை. அதை வைத்தே ஆரம்பிக்கிறேன்.

2.

தாமோதரனும் அவர் தம்பி அரிகிருஷ்ணனும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அக்கா சரளா அண்ணனுக்கு, தங்கை ஜோதிலட்சுமி தம்பிக்கு. ஒரே பந்தல், ஒரே மேளம், செலவு மிச்சம். நெல் விளைந்த நிலத்தை மனைகளாக விற்று இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டினார்கள். ஒருவருக்கு ஒரு ஜன்னல் கூடிவிடக் கூடாதே என்று ஒரே மேஸ்திரி, ஒரே பிளான், ஒரே பச்சைப் பெயிண்ட். பின்பக்கம் கிடக்கும் துணி துவைக்கிற கற்கள்கூட ஒரே லாரியில் வந்தவை. நடுவில் ஒரு பொதுச் சுவர்.

கடைசியாக மிஞ்சிய வயலை மனை போடும்போது, பாதைக்கு யார் பங்கிலிருந்து இடம் விடுவது என்று தகராறு வந்தது. கேஸ் செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போனது. அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அதோடு விட்டிருந்தால் நமக்குக் கதை இல்லை. பெண்டாட்டிகளும் பேசக் கூடாது என்று இரண்டு வீட்டிலும் தனித்தனியாக, ஒரே வார்த்தைகளில் உத்தரவு போட்டார்கள்.*

(* "பிளானைப் போலவே புத்தியும் ஒன்றுதான்" என்று இங்கே ஒரு வரி இருந்தது. ரொம்பத் துள்ளுகிறேன் என்று எடுத்தேன். எடுத்ததைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.)

அக்காவும் தங்கையும் உத்தரவை மதித்தார்கள், அதாவது புருஷன்மார் வீட்டில் இருக்கும்போது மதித்தார்கள். மத்தியானம் அவர்கள் வெளியே கிளம்பியதும் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியும் நின்று பேசினார்கள். சுவர் தலைக்கு மேல் உயரம். முகம் தெரியாது, குழம்புக் கிண்ணம் மட்டும் ஏறி இறங்கும். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்த இரண்டு பேருக்கு மிச்சமிருந்தது அந்த மத்தியானப் பேச்சுதான். இந்தக் கதையில் பறிபோகக் கூடியது ஏதாவது இருக்கிறதென்றால் அது இதுதான். மற்றதெல்லாம் ஒயர்.

3.

திருடனுக்காகக் கேமரா என்றுதான் தாமோதரன் சொன்னார். ஆனால் எட்மண்டிடம் மாட்டச் சொன்னது பொதுச் சுவரோரம், தம்பி வீட்டுப் பின்பக்கத்தைப் பார்த்த மாதிரி.

"திருடன் அந்தாண்டேந்தா வருவான், அண்ணா?"

"எங்கேந்து வருவான்னு எனக்குத் தெரியும். நீ மாட்டு."

மறுநாளே தம்பி கூப்பிட்டனுப்பினார். "அவரு இன்னா மாடல் வாங்கினாரோ அதே மாடல் போடு. அவரு ஒயரு எவ்ளோ தடியோ அவ்ளோ தடி. அவரு வூட்டப் பாத்தாப்ல திருப்பி வை."

கேமரா மாட்டுவது சுலபம். அங்கிருந்து ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு ஒயர் போகிற வழிதான் பேஜார். அவரவர் வீட்டுச் சுவரிலேயே கொண்டுபோயிருக்கலாம். ஆனால் பொதுச் சுவரின் மேல் ஒருவர் மட்டும் ஒயர் விட்டால், நாளைக்குக் கோர்ட்டில் அதையே அனுபவ பாத்தியதை என்று காட்டி, சுவரே தன்னுடையது என்றுவிடுவாரே. எனவே இருவருக்கும் பொதுச் சுவர்தான் வேண்டும். எட்மண்ட் சுவர் மேல் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பதித்து, இரண்டு ஒயரையும் அதற்குள் விட்டார். இரண்டும் கறுப்பு, வெயில் மழை தாங்குகிற வெளிப்புற ஒயர். "கடல்ல போட்டாலும் கெடக்கும்ணா," என்றார் எட்மண்ட்.

அடையாளத்துக்கு ஒன்றின் இரண்டு முனையிலும் டேப் சுற்றியிருந்தால் போதும். எட்மண்ட் அந்நேரம் மச்சானோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கேமராவின் ஒயர் தம்பி வீட்டுக்கும், தம்பி கேமராவின் ஒயர் அண்ணன் வீட்டுக்கும் போனது. கேமராக்கள் ஒரே மாடல், கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு ஹாலிலும் படம் வந்தது. இரண்டு வீட்டிலும் காபி கொடுத்தார்கள்.

ஆக, எதிரி வீட்டை வேவு பார்ப்பதாக நினைத்து, அண்ணனும் தம்பியும் அவரவர் வீட்டுப் பின்பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

4.

(கதையை நிறுத்தி ஒரு விளக்கம். இதை முதலில் படித்த நண்பர் தேவானந்தம், எட்மண்ட் வேண்டுமென்றே ஒயரை மாற்றியதாக எழுதச் சொன்னார். "உழைப்பாளியின் மௌனமான எதிர்ப்பு" என்றார். நானும் ஒரு பத்தி எழுதினேன். அதில் எட்மண்ட் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துப் புன்னகைத்தார், பிறகு... வேண்டாம். எட்மண்ட் என் வீட்டிலேயே வாசல் கேமராவைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் போனவர்.

தேவானந்தத்தின் இரண்டாவது கேள்வி நியாயமானது. ஒரு மனுஷனுக்குத் தன் வீட்டுக் கொல்லை தெரியாதா? தெரியாது. தாமோதரன் கொல்லைப் பக்கம் போய் வருஷக்கணக்கில் ஆகிறது. துணி தானாக வெளுத்து, மடித்து, பீரோவுக்கு வந்துவிடும்.)

5.

கேமராவைப் பார்த்ததும் ஜோதிலட்சுமி பயந்துவிட்டாள். "அக்கா, இனிமே வேணாங்க்கா. தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாரு." சில நாள் பேசவில்லை. சரளாவுக்குச் சோறு இறங்கவில்லை. வாங்குகிற திட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று மறுபடியும் சுவரோரம் போய்த் தங்கையைக் கூப்பிட்டாள், அவளும் வந்தாள். திட்டு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

"சரளா, இங்க வா. உன் தங்கச்சியப் பாரு."

கம்ப்யூட்டரில் பழைய பதிவு ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லாத படம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கட்டங்கள். நைட்டி போட்ட ஒரு பெண் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சுவரோடு பேசினாள், சிரித்தாள். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வாரமாப் பாக்கறேன். செவுத்துகிட்ட பேசிகினு கீறா. மூளை கலங்கிப்போச்சு." தாமோதரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீக்கடையில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, வக்கீலிடமும் சொல்வதாக இருந்தார். அதே ஞாயிறு, சுவருக்கு அந்தப் பக்கம், அரிகிருஷ்ணனும் ஜோதிலட்சுமியைக் கூப்பிட்டு, "உங்கக்காவுக்குப் புத்தி பேதலிச்சிருச்சி" என்று அவளையே அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

சரளா திரையைப் பார்த்தாள். பிடி உடைந்த பக்கெட்டைப் பார்த்தாள். அது அவள் பக்கெட். அந்தப் பெண் அவள்தான்.

இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. தாமோதரனின் சிரிப்பு மெல்ல நின்றது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாவம்டி," என்றார். "அந்தப் பொண்ணுகிட்ட வூட்ல ஒரு ஆளு பேசறதில்ல போலக் கீது. அழுதுகினு கீறா, கேக்கறதுக்கு நாதியில்ல. கட்டுனவன்லாம் ஒரு மனுசனா?"

அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. கல்யாணமானதிலிருந்து அந்தக் குரலைச் சரளா கேட்டதில்லை. இந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கோபம் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

6.

முடிவு அ: "அது நான்தாங்க," என்கிறாள். எட்மண்ட் வரவழைக்கப்படுகிறார், ஒயர் மாற்றப்படுகிறது. இனி ஒவ்வொருவரும் அடுத்தவன் பெண்டாட்டியைச் சரியாகப் பார்ப்பார்கள். சுவருக்கு இரண்டு பக்கமும் யார் நிற்கிறார்கள் என்று புரிந்துபோகும். அக்கா தங்கை பேச்சு அத்தோடு சரி.

முடிவு ஆ: ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். மத்தியானப் பேச்சு பிழைக்கிறது. அவளுக்கு வரவேண்டிய இரக்கம் பக்கத்து வீட்டு விலாசத்துக்கே போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டையும் கிழித்துவிட்டேன். ஏனென்றால் சரளா அங்கேயே நின்று, நான் யோசிக்காத ஒன்றைக் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, அந்தப் பொம்பள உங்க பொண்டாட்டியா இருந்தா நீங்க இன்னா பண்ணுவீங்க?"

தாமோதரன் திரும்பிப் பார்த்து, வாயைத் திறந்து சொன்னார்:

"                                        "

அந்த இடத்தில் "ஒக்காந்து பேசுவேன்" என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்தது. "எம் பொண்டாட்டிக்கு இன்னா கொறச்சல்?" என்று எழுதினேன். அது உண்மையாக இருந்தது. ஆனால் அவள் எதிரே நிற்கும்போது அதை அவர் வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். கல்யாணமான ஆண் வாசகராக இருந்தால் மட்டும் தயவுசெய்து பேனாவைத் தொட வேண்டாம். உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் கொடுங்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று அவருக்குத் தெரியும்.