இளநீலப் பூச்சு

கொத்தனார் கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். முன்னறை, நடை, படுக்கையறை. எங்கே தட்டினாலும் காலிப் பானைச் சத்தம். என் வீட்டுக்காரர் அவர் முகத்தையே பார்த்தபடி பின்னால் போனார்.

இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்தே அதன் செங்கல் முகம் எனக்குப் பிடிக்காது. கட்டி முடிக்காத வீடு மாதிரி இருக்கிறதென்று என் அக்கா ஒருமுறை சொன்னாள். அது முள்ளாகத் தைத்துவிட்டது. இரண்டடி கனச் சுவர், வெளியே குறுகி உள்ளே விரியும் ஜன்னல்கள், ஒரு மரச்சட்டம்கூட இல்லாமல் செங்கல்லை நிறுத்தியே வளைத்த வாசல்கள். எல்லாம் சுண்ணாம்பில் கட்டியது. “இந்தச் சுவர் மூச்சு விடும், தெரியுமா?” என்பார் இவர். “அப்போ மூக்கு எங்க இருக்குன்னு காட்டுங்க” என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார். இருபது வருடம் பொறுத்துவிட்டு, ஐந்து வருடம் நச்சரித்தேன். கடைசியில் உள்ளும் புறமும் சிமெண்ட் பூசி, இளநீலம் அடித்துத் தந்தார். அன்று தெருவில் நின்று கண் நிறையப் பார்த்தேன்.

அதன்பின் ஆறு மழைக்காலம் போய்விட்டது.

முன்னறை வளைவுக்குக் கீழே கொத்தனார் பூச்சை ஓரிடத்தில் நெம்பினார். பெரிய பத்தையாகப் பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னால் செங்கல் இல்லை. ஈரமான சிவப்புப் பொடி கொட்டியது.

“தரையிலேர்ந்து ஏறுற ஈரம் செங்கல் வழியா வெளிய போயிட்டிருந்துச்சுக்கா. சிமெண்ட் அடைச்சிடுச்சு. உள்ளயே ஊறி உளுத்துப்போச்சு.”

“பூச்ச உரிச்சிட்டா?” என்றேன்.

“இப்ப சுவரப் புடிச்சிட்டு நிக்கிறதே அதுதான். இன்னொரு மழைய இந்த வளைவு தாங்காது. அதுக்குள்ள காலி பண்ணிடுங்க.” கையைத் தட்டிக்கொண்டார். “யாரு இதைப் பூசச் சொன்னது?”

நான் வாயைத் திறப்பதற்குள், “நான்தான்” என்றார் இவர். “பாக்க நல்லா இருக்கும்னு.”

கொத்தனார் போய்விட்டார். இந்த வயதில் எங்கே போவது, யார் வாசலில் நிற்பது? இவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அழுதாவது தொலைத்திருப்பேன். “என்னைச் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

இவர் உள்ளே போய் ஒரு ஈரத்துணி கொண்டுவந்தார். ஓட்டைக்குக் கீழே கொத்தனாரின் கைத்தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. குந்தி உட்கார்ந்து அதைத் துடைக்க ஆரம்பித்தார்.

“விடுங்களேன்.”

“காஞ்சிட்டா போகாது. நீலம் அழுக்காயிடும்.”

அவர் துணியை அழுத்தும்போதெல்லாம், சுவருக்குள் ஏதோ சரசரவென்று கீழே இறங்கிக்கொண்டிருந்தது.