ஆர் சமைச்சது

முல்லைத்தீவுக் கரையில் கருவாடு போட்டு விற்கும் கலிஸ்ராவுக்கு வாசிப்பென்றால் சோறு தண்ணி வேண்டாம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை நூலகத்தில் வாசகர் வட்டம் கூடும். அன்றைக்கு மட்டும் வேலையை மத்தியானத்தோடு நிறுத்திவிட்டு, கையில் கருவாட்டு மணம் போகத் தேசிக்காய்ப் புளி தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்துவிடுவாள்.

இந்த முறை நூலகர் ஜெயந்தன் ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்தான். வெளிநாட்டுப் பழைய பேய்க்கதை ஒன்றின் தொடக்கம். வாசித்ததும் மனதில் பட்டதை எழுதித் தரவேண்டும்.

மழைக்கு ஒதுங்க இடம் தேடும் வழிப்போக்கன் ஒருவன், காட்டு நடுவே ஒரு வீட்டைக் காண்கிறான். கதவு திறந்து கிடக்கிறது. மேசையில் சாப்பாடு ஆவி பறக்கிறது. கூப்பிட்டுப் பார்க்கிறான், ஆளில்லை. தாள் அதோடு முடிந்தது.

முதுகு சில்லிட்டுப் போனது என்று கோகுலன் மாஸ்ரர் எழுதியிருந்தார். மற்றவர்களும் ஏறக்குறைய அதைத்தான் எழுதினார்கள். கலிஸ்ராவின் தாளில் மூன்று கேள்விகள் மட்டும் இருந்தன. அடுப்பில் தணல் கிடந்ததா? வளவில் நாய் நின்றதா? சாப்பாடு எத்தனை பேருக்குக் காணும்?

"உங்களுக்குப் பயம் வரேல்லையோ அக்கா?" என்று ஜெயந்தன் கேட்டான்.

"இல்லைத் தம்பி. ஆர் சமைச்சது எண்டுதான் யோசிச்சன். இப்பிடி ஒரு வீட்டுக்குள்ள நான் போனனான்."

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம். உடையார்கட்டில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் பட்டினியோடு கலிஸ்ரா வீட்டார் ஐந்து பேர் ஒரு வீட்டுக்குள் ஓடி நுழைந்தார்கள். குசினியில் சோறும் பூசணிக்காய்க் கறியும் சூட்டோடு இருந்தன. கூப்பிட்டார்கள், கொஞ்சம் காத்திருந்தார்கள், பிறகு இருந்து சாப்பிட்டார்கள்.

"பிறகு அந்த வீட்டைப் போய்ப் பாக்கேல்லையோ?" என்றார் கோகுலன் மாஸ்ரர்.

கலிஸ்ரா இல்லையென்று தலையாட்டினாள். எத்தனையோ தரம் அந்த வழியால் பஸ்ஸில் போய் வந்திருக்கிறாள். இறங்கியதில்லை. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

மறுநாள் பூசை முடிந்த கையோடு உடையார்கட்டில் இறங்கினாள். அந்த வீட்டுக்குப் போகும் ஒழுங்கை நினைவிருந்தது. வீடு புதிது, கிணறு மட்டும் பழையது. முற்றத்தில் உழுந்து புடைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அறுபது வயது இருக்கும். பெயர் ஜெகதீஸ்வரி என்றாள். கலிஸ்ரா வந்த காரியத்தைச் சொல்ல, ஜெகதீஸ்வரியின் கையில் சுளகு அசையாமல் நின்றது.

"என்ன கறி எண்டு சொன்னனீங்கள்?"

"பூசணிக்காய்."

"உப்புக் கிடந்ததோ?"

கலிஸ்ரா யோசித்தாள். அந்தச் சாப்பாட்டைப் பற்றி எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள், இதை ஒருவரும் கேட்டதில்லை. "இல்லை அம்மா. சப்பெண்டுதான் இருந்தது."

"உப்புக் கடன் கேக்கத்தான் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போனனான். அதுக்குள்ள ஷெல் வந்திட்டுது. திரும்பி வர வழியில்லாமல் அப்பிடியே ஓடிட்டம்." ஜெகதீஸ்வரி கதிரை ஒன்றை இழுத்துப் போட்டாள். "அந்தச் சோத்தையும் கறியையும் நாய்தான் திண்டிருக்கும் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சன். நீங்கள் ஐஞ்சு பேரும் ஆர் ஆர்?"

கலிஸ்ரா ஒவ்வொருவராகச் சொன்னாள். அம்மா, தம்பி றொமேஸ், சின்னம்மா, சின்னம்மாவின் மகள், தான். இப்போது உயிரோடு இருப்பது அவளும் சின்னம்மாவின் மகளும் மட்டும். ஜெகதீஸ்வரி பக்கத்தில் வந்து இருந்தாள்.

"வயிறு நிறையச் சாப்பிட்டவையோ?"

"ஓம். தம்பி சட்டியை வழிச்சுத் திண்டவன். அம்மா அதைக் கழுவி, குசினியிலையே கவிட்டு வைச்சிட்டுத்தான் வெளிக்கிட்டவா."

"கவிட்டு வைச்சதோ?" ஜெகதீஸ்வரி நிமிர்ந்தாள். "நாங்கள் மீளக்குடியேறி வரேக்க பழைய குசினி அப்பிடியே நிண்டது, அடுப்பில சாம்பல் குவிஞ்சு கிடந்தது. சட்டி அடுப்புக்கு மேல நிமிந்து இருந்தது, அடியில சோளம் ஒட்டினபடி."

"நாங்கள் சோளம் அவிக்கேல்லை அம்மா."

"அப்ப உங்களுக்குப் பிறகும் ஆரோ வந்து சமைச்சிருக்கினம்."

இரண்டு பேரும் பழைய குசினி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.