ஊறப்போட்ட விதை இஞ்சி

வீட்டில் அவளுக்குப் பெயர் கிருமி. வைத்தது அண்ணன். மண்ணுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர்களை வளர்த்து, கேனில் அடைத்து, உயிர் உரம் என்று விற்கும் சின்னக் கம்பெனியில் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே, "ஊரே கிருமிக்குப் பயந்து கை கழுவுது, இவ சோறு போட்டு வளர்க்கப் போறாளாம்" என்று சிரித்தான். அப்படிச் சிரித்தவன்தான் இந்த வருஷம், "விதை இஞ்சியை ஊறவைக்க உன் சரக்குல ஒரு கேன் குடு, என்னதான் ஆகுதுன்னு பார்ப்போம்" என்று கேட்டு வாங்கிப் போனான்.

மறுநாள் காலை அவள் சோதனைத் தட்டை விளக்குக்கு நேரே பிடித்தாள். ஒவ்வொரு சரக்கிலும் ஒரு துளி எடுத்து, கண்ணாடித் தட்டில் வளரவிட்டுப் பார்ப்பது வழக்கம். நடவு நேரம் நெருக்கியதால் இந்தமுறை அது முடியுமுன்பே கேன்கள் போய்விட்டன. எப்போதும் மஞ்சளும் பச்சையுமாகப் படரும் தட்டில் இன்று வெள்ளையாக, சளி போல வழவழவென்று வேறு ஏதோ வளர்ந்திருந்தது.

அந்த வெள்ளையை அவளுக்கு நன்றாகத் தெரியும். இஞ்சியைப் பச்சையாகவே தொங்கவிட்டுக் கொல்லும் வாடல் நோயின் கிருமி. தங்கள் சரக்கு அதை அடக்குகிறதா என்று பார்ப்பதற்காகவே ஒரு குடுவையில் அதையும் வளர்த்துக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். குடுவை மாறிவிட்டதா? மாற்றியது நானேதானா? அது ஒருமுறை மண்ணில் இறங்கினால் வருஷக்கணக்கில் அந்த நிலத்தில் இஞ்சி என்ற பேச்சே கிடையாது.

அண்ணன் போனை எடுக்கவில்லை. அண்ணி எடுத்தாள்.

"அவர் தோட்டத்துல இருக்காரு. இஞ்சியை ஊறப்போட்டு எடுத்து, ஊன ஆரம்பிச்சாச்சு. ஏன் உன் குரல் இப்படி நடுங்குது?"

"அண்ணி, ஓடிப்போய் நிறுத்தச் சொல்லுங்க. இனி ஒரு துண்டுகூட மண்ணுல போகக்கூடாது."

அடுத்து முதலாளி அறை. அவர் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அதுதான்னு உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது சார். இந்தக் கிருமி தக்காளியையும் வாட வைக்கும். அந்த நாத்துல ஏத்திப் பார்க்கணும். நாலஞ்சு நாள் ஆகும்."

"அதுவரைக்கும் வாயைத் திறக்காதே. வெளியில தெரிஞ்சா இழுத்து மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"எங்க அண்ணிகிட்டச் சொல்லிட்டேன் சார்."

வேலை போயிற்று என்றே நினைத்தாள். அவர் முகத்தை இரு கைகளாலும் அழுந்தத் துடைத்துக்கொண்டார். பிறகு வேன் சாவியை எடுத்தார். "வாங்கினவங்க எல்லாருக்கும் போன் போடு. மூடியைத் திறக்க வேண்டாம்னு சொல்லு. நானே போய் எடுத்துட்டு வரேன்."

நல்லவேளை, மற்ற யாரும் திறந்திருக்கவில்லை. திறந்தது அண்ணன் மட்டும்தான்.

அவள் தோட்டத்துக்குப் போனபோது மேட்டுப் பக்கம் இரண்டு பாத்திகள் ஊன்றி முடிந்திருந்தன. மீதி இஞ்சி சாக்கின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. வானம் கறுத்திருந்தது.

"அண்ணா, ஊனினதைத் தோண்டி எடுத்துடலாம்."

"விளையாடுறியா? மழைக்கு முன்னாடி முடிக்கணும்னு பறந்துட்டிருக்கேன். நீ சொல்ற மாதிரி இல்லைன்னு ஆயிட்டா?"

"இல்லைன்னு ஆனா என்னைத் திட்டு. ஆமான்னு ஆனா, இஞ்சி ஊனுறதுக்கு நிலமே இருக்காது."

அவன் பதில் சொல்லுமுன் அண்ணி மண்வெட்டியை எடுத்துவிட்டாள். மூவருமாகத் தோண்டினார்கள். சுற்றியிருந்த மண்ணோடு இஞ்சியையும், ஊன்றாமல் மீந்ததையும் சாக்கில் அள்ளி, ஓரமாகக் கொண்டுபோய் எரித்தார்கள். பாத்தியில் பிளீச்சிங் பவுடரைத் தூவினார்கள். மண்வெட்டியைக் கழுவினார்கள், செருப்பைக் கழுவினார்கள், அப்போதும் அவளுக்கு மனம் ஆறவில்லை. மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்குத்தானே ஓடும்? பாத்தியைச் சுற்றிக் கரை எழுப்பி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கரை கரைகிற இடத்தில் எல்லாம் அண்ணன் மண்ணை வாரி அடைத்தான். அவள் முழங்கால் சேற்றில் உட்கார்ந்து, தண்ணீர் எங்கேயாவது தப்பி ஓடுகிறதா என்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சில நாட்கள் சோறு இறங்கவில்லை. தக்காளி நாற்றில் பாதிக்குக் கேன் தண்ணீர், பாதிக்கு வெறும் தண்ணீர். ஒரு காலை, கேன் தண்ணீர் ஏற்றிய நாற்றுகள் தலை தொங்கிக் கிடந்தன. ஒரு தண்டை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் பிடித்தாள். வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூல் ஒன்று மெல்லக் கீழே இறங்கியது; வாடல் கிருமியேதான். பின்னால் நின்ற முதலாளி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சோதனைக்கென்றுகூட வாடல் கிருமியை அதன்பின் அந்தக் கட்டடத்துக்குள் வைக்கவில்லை. தட்டு பார்க்காமல் ஒரு கேனும் வெளியே போகவில்லை.

அண்ணன் வேறு விதை இஞ்சி வாங்கிவந்து, பாதி வயலுக்கு மறுபடி கேன் கேட்டபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னுமா உனக்கு ஆசை?"

"தப்புன்னு தெரிஞ்சதும் ஓடி வந்தியே. அந்தக் கையால குடு."

மூன்று முறை தட்டு பார்த்துத்தான் கொடுத்தாள். அப்படியும் வாராவாரம் போய் ஒவ்வொரு இலையாகப் புரட்டினாள். ஒரு இலை பழுத்தாலும் தண்டை வெட்டித் தண்ணீரில் பிடித்துப் பார்த்தாள். தோண்டியெடுத்த இரண்டு பாத்திகளில் மட்டும், அந்த வாடல் அண்டாத சோளம் நின்றது.

அறுவடையில் உயிர் உரம் போட்ட பாதியில் கிழங்குகள் கை கையாகப் பருத்து வந்தன. மற்ற பாதி அதற்கு அருகில்கூட வரவில்லை. அண்ணன் ஒன்றை உயரத் தூக்கி, "ஏ கிருமி, பாரு!" என்று கத்தினான்.

"இப்பவாவது சிரியேன்" என்றாள் அண்ணி.

அவள் சோளப் பாத்திகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ரெண்டு பாத்தியிலிருந்து எதுவும் கீழே இறங்காம அடுத்த மழையும் போகட்டும் அண்ணி. அப்புறம் சிரிக்கிறேன்."