கேட்கத் தெரிந்தவள்

தையல் கடையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பூவேலை செய்யும் தோழியைப் பார்த்தாலே, துணி வெட்டுகிறவளுக்கு வயிறு எரியும். "அண்ணே, அந்தத் துணியை எடுத்துக் குடுங்களேன்" என்று தோழி சொன்னால் போதும், இஸ்திரிக்காரர் ஓடி வருவார். சிரித்துப் பேசிவிட்டுத்தான் போவார். துணிச்சுருள்களை ஒண்டியாகச் சுமக்கும் தன்னை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஒருநாள் துணிச்சுருளைத் தூக்கும்போது அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்து நின்றாள்.

"யாரையாவது கூப்பிடேன்டி" என்றாள் தோழி.

"உனக்கென்ன, நடக்க முடியாது, கேக்கலாம். எனக்குக் கை கால் நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கும் முதல்ல வாயே வரல. கேட்டுக் கேட்டுத்தான் கூச்சம் போச்சு."

துணி வெட்டுகிறவள் மெல்ல, "அண்ணே" என்று கூப்பிட்டாள். இஸ்திரிக்காரர் வந்து சுருளை வாங்கிக்கொண்டார். "நீ கூப்பிட மாட்டேன்னுதாம்மா நாங்க ஒதுங்கியே இருந்தோம்" என்றார்.

இடுப்பு லேசானது. பொறாமைதான் முழுசாகப் போகவில்லை. கேட்டால் வருவார்கள் என்கிற இந்தச் சின்ன விஷயம் தோழிக்கு எப்போதோ தெரிந்திருக்கிறதே.