பழைய வட்டு

திங்கட்கிழமை காலை தேயிலைத் தோட்டத்துத் தகவல் நிலையத்தைத் திறந்து கணினியைப் போட்ட ஜீவராணி ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தாள். கோப்புகளின் பெயர்கள் இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. அடையாள அட்டை இல்லாத இருநூற்றுப் பன்னிரண்டு தோட்டத்து ஆட்களின் விவரங்களை நான்கு மாதம் உட்கார்ந்து கேட்டு, தட்டச்சு செய்து வைத்திருந்தாள். யாரோ கொண்டுவந்த பென் டிரைவில் வந்த வைரஸ் எல்லாவற்றையும் தின்றிருந்தது. வைரஸ் தடுப்பைப் புதுப்பிக்கச் சொல்லிக் கணினி திரையின் மூலையில் எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டேயிருந்தது. வாசலில் ஆட்கள் காத்திருப்பார்கள், தொலைபேசிவழி இணையமோ ஊர்ந்து போகும். ஒவ்வொரு தடவையும் 'பிறகு' என்பதை அழுத்தியவள் அவள்தான்.

வட்டவளைக்கு அடையாள அட்டை விண்ணப்பம் வாங்கும் நடமாடும் சேவை வர இன்னும் இருபத்துமூன்று நாள் இருந்தது. அன்று விண்ணப்பம் கொடுக்காவிட்டால் அடுத்தது எப்போதென்று யாருக்கும் தெரியாது. அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், போர்க்காலம். அட்டையில்லாமல் பஸ்ஸில் ஏறினால் சோதனைச் சாவடியில் இறக்கிவிடுவார்கள்.

மாலையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் நின்றாள்.

"மெசின் மேல குத்தமில்லைங்க. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன். திரும்ப எல்லார்கிட்டயும் கேட்டு எழுதணும்."

கூடையை இறக்காமலே காளியாயி அவளைப் பார்த்தார். கொழும்பில் வேலை செய்யும் மகளைப் பார்க்கப் போய், அட்டையில்லாததால் இரண்டு தடவை பொலிஸில் ராத்தங்கியவர்.

"எழுதிக்க தாயி. மறுபடி அழிஞ்சா?"

"அழிய விடமாட்டேங்க."

சொல்லிவிட்டாளே தவிர, எப்படி என்று தெரியவில்லை. மறுநாள் பாடசாலையில் கணினி கற்பிக்கும் உமாசுதனிடம் போனாள். யாழ்ப்பாணத்துக்காரர். கணினியிலிருந்த இயங்குதளத்தின் திருட்டுப் பிரதியை எடுத்துவிட்டு, வைரஸ் எளிதில் தொற்றாத இலவச லினக்ஸ் போடலாமென்று இரண்டு வட்டுகளை மேசையில் வைத்தார்.

"இது போன மாசம்தான் வந்தது, நல்ல வடிவு. மற்றது போன வருசம் வந்தது. புதுசைப் போடுங்கோவன்."

"இதுல பிழை இருந்தா எத்தனை நாளைக்குத் திருத்தித் தருவாங்க சார்?"

அவர் வட்டுகளின் உறையைத் திருப்பிப் பார்த்தார். "புதுசுக்கு ஒண்டரை வருசம். பழசு நீண்ட காலத்துக்கெண்டே செய்தது, அதுக்கு இன்னும் ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கு."

இரண்டையும் வாங்கிக்கொண்டு போய் முதலில் புதியதைப் போட்டாள். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. ஆனால் காளியாயி என்று அடித்து அச்செடுத்தபோது துணைக்கால் தனியே கழன்று நின்றது. பழையதில் பெயர் பெயராகவே வந்தது. அந்தக் காகிதத்தை மறுநாள் உமாசுதனிடம் காட்டினாள்.

"எண்டாலும் பழசெல்லே?"

"பழசுதான் சார். ஆனா திருத்திக்கிட்டே இருக்காங்கல்ல. அது போதும் எனக்கு."

அடுத்த பதினெட்டு நாளும் தொழிலாளர் குடியிருப்பில் லயம் லயமாகப் போய்க் கேட்டு எழுதினாள். எழுதியதை இரண்டு குறுந்தட்டுகளில் பதிந்து, ஒன்றைத் தன் வீட்டிலும் மற்றதைப் பாடசாலை அலுமாரியிலும் வைத்தாள். ஞாயிறுதோறும் ஹட்டனுக்கு ரயிலேறி, இணையக் கடையில் அந்த வாரம் லினக்ஸுக்கு வந்த திருத்தங்களைப் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வந்தாள். நடமாடும் சேவையன்று இருநூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்களும் போய்ச் சேர்ந்தன. அட்டைகள் வரவேண்டும். வரவில்லையென்றால் அதே விவரங்களோடு இன்னொரு தடவை எழுதவேண்டும்.

அதற்கடுத்த சனிக்கிழமை முழுக்க மழை. ஞாயிறு காலை ஸ்டேசனுக்கு இறங்கும் பாதையில் மண் சரிந்து கிடந்தது. எதிரே வந்த உமாசுதன் குடையோடு நின்றார்.

"ஒரு கிழமை விட்டால் ஒண்டும் ஆகாது, ஜீவராணி. திரும்பிப் போங்கோ."

"அப்படித்தான் சார் எட்டு மாசம் விட்டேன்."

பென் டிரைவைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு செருப்பைக் கையில் எடுத்தாள். முழங்கால்வரை சேறு. நடுவில் கால் புதைந்து நின்றுவிட்டது. அந்தப் பக்கம் மண் வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, அவள் பற்றிக்கொள்ள அதன் காம்பை அவளை நோக்கி நீட்டினார்.