கிணற்று மூலைப் புல்

நான்காவது முறை கயிற்றை இழுத்தும் மிஷின் இருமிவிட்டு அடங்கிப் போனது. ரசாக் அதைத் தரையில் சாய்த்து, பிளக்கைக் கழற்றி, பழந்துணியில் துடைத்து வாயால் ஊதினார். பெட்ரோலில் ஆயிலை அளந்து கலந்ததெல்லாம் சரியாகத்தான் இருந்தது. கருமத்தம்பட்டியிலிருந்து ஆடிச் சாரலில் நனைந்தபடி மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்ததில் எங்கோ ஈரம் இறங்கியிருந்தது.

"மிஷினுக்குச் சளி புடிச்சிருச்சுங்ண்ணா" என்று சிரித்தார்.

பாலுசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கண் கிணற்று மூலையில் இருந்தது. அங்கே புல் இடுப்பளவு நின்றது.

இருவரும் பன்னிரண்டு வருடம் ஒரே தறி ஷெட்டில் இருந்தவர்கள். பாலுசாமி தறி ஓட்டினார், ரசாக் ஃபிட்டர். தறிகளை இரும்பு விலைக்கு எடை போட்டுக் கொண்டுபோன பிறகு ரசாக் இந்தப் புல் வெட்டும் மிஷினை வாங்கித் தோட்டம் தோட்டமாகப் போக ஆரம்பித்தார். பாலுசாமி மனைவி சாந்தாமணியைக் கூட்டிக்கொண்டு இந்த எட்டு ஏக்கர் தென்னந்தோப்புக்குக் காவலுக்கு வந்துவிட்டார். மோட்டார் ரூமை ஒட்டி ஓர் அறை கொடுத்திருந்தார்கள். சம்பளத்தைவிட அந்த அறைதான் பெரிது. அதை விட்டால் அவர்கள் இருவருக்கும் தலை சாய்க்க வேறு இடம் கிடையாது.

தோப்பு மிதுனுடையது. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் ஆபீஸ் வைத்திருக்கிறான். தோப்பில் நான்கு கேமரா மாட்டி, அங்கிருந்தபடியே போனில் பார்த்துக்கொள்வான். யாரையும் அதட்ட மாட்டான், 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேச மாட்டான். தங்கமான பிள்ளை என்று ஊரில் பெயர். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், தோப்பைத் தங்கும் விடுதியாக்குவது பற்றிப் பேச்சு, அதற்குள் தரை சுத்தமாக வேண்டும் என்று சொல்லியிருந்தான்.

கிணற்று மூலையில் மயில் ஒன்று அடைகாப்பதைப் பாலுசாமி முன்பே பார்த்திருந்தார். மிதுனிடம் சொல்லவும் செய்தார்.

"அந்த மூலைதானுங்க மொதல்ல கண்ணுல படும். பாம்பு கீம்பு இருந்தா வாரவங்க பயந்துக்குவாங்க. மொத்தமா வெட்டிருங்க. இதுக்கெல்லாம் எனக்குப் போன் பண்ணோணுமுங்களா?"

ரசாக்கிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் ரசாக் அந்த மூலையைத் தொட மாட்டார். தறி ஷெட்டில் அணில் குட்டி போட்டது என்று பதினைந்து நாள் ஃபேனைப் போடவிடாமல் எல்லோரையும் வேர்க்க வைத்த ஆள் அவர். அதனால் அன்று ரசாக் வருவதற்கு முன்பே, விடிந்ததும் பாலுசாமி தென்னமட்டையோடு போய் மயிலைத் தானே விரட்டினார். அது சீறிவிட்டு எழுந்து மதில்மேல் போய் உட்கார்ந்தது. குழியில் ஐந்து முட்டைகள் இருந்தன. கூடை எடுத்து வரச் சொல்லி சாந்தாமணியைக் கூப்பிட வாயெடுத்தபோது மிதுனின் போன் வந்தது.

"அங்க நின்னு என்னங்க பண்றீங்க? மிஷின்காரர் வந்து கேட்டு முன்னால நிக்கறாரு பாருங்க."

பாலுசாமி கேட்டைத் திறக்க ஓடினார். மயில் போய்விட்டது, போனால் முட்டைதானே போகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். மயில் மதிலிலிருந்து இறங்கிப் புல்லுக்குள் நடந்து வந்து மறுபடி முட்டைமேல் உட்கார்ந்ததை அவர் பார்க்கவில்லை.

ஐந்தாவது இழுப்பில் மிஷின் பிடித்துக்கொண்டது. ரசாக் பட்டையைத் தோளில் மாட்டினார். தோள் காய்க்காமலிருக்க அவர் மனைவி நஃபீசா தன் பழைய நீலச் சுடிதாரை மடித்துப் பட்டையில் தைத்துக் கொடுத்திருந்தாள். முகத்துக்கு வலைக் கவசம், காதில் பஞ்சு. பிளேடு சுற்றச் சுற்றப் புல் வரிசையாகச் சாய்ந்தது. பத்து மணிக்குக் கிணற்று மூலைக்கு வந்து சேர்ந்தார்.

மிஷினின் சத்தம் சட்டென்று மாறியது. ஏதோ நனைந்த துணியில் சிக்கியதுபோல ஒரு நொடி முக்கி, நின்றுவிட்டது. பாலுசாமி ஓடிப்போய்ப் பார்த்தபோது ரசாக் கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் கால்சட்டையெல்லாம் ரத்தமும் இறகும் ஒட்டியிருந்தன.

"எந்திரிக்கவே இல்லீங்ண்ணா. இத்தன சத்தத்துக்கும் எந்திரிக்கவே இல்ல" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மயிலின் உடம்புக்கு அடியில் ஒரு முட்டை உடைந்திருந்தது, நான்கு அப்படியே இருந்தன.

போன் அடித்தது.

"பாத்துட்டேனுங்க" என்றான் மிதுன். "மயிலு விஷயம், சும்மா உட மாட்டாங்க. வேற யாராச்சும் சொல்றதுக்கு முன்னால நானே வனத்துறைக்குச் சொல்லிப்போட்டேன். நீங்க கேட்டுப் பக்கத்துல இருந்தீங்க, ஒண்ணும் பாக்கல. சரிங்களா? கூடு இருந்ததே நமக்குத் தெரியாதுங்க. முட்டைய இப்பவே அக்கட்டால எடுத்துருங்க. கேமரா அந்தப் பக்கம் திரும்பலீன்னு நான் சொல்லிக்கறேன்."

"தம்பி, ரசாக் பாய் வேணும்னு பண்ணலீங்க..."

"நானும் அப்படித்தானுங்க நெனைக்கறேன். ஆனா வெளியாளு, கறிக்காக அடிச்சாரா என்னன்னு நமக்கு எப்படிங்க தெரியும்? கூடு இருந்துச்சுன்னு நீங்க சொன்னா, தெரிஞ்சே வெட்டச் சொன்னது யாருன்னு கேப்பாங்க. அப்பறம் உங்களையும் நான் வெச்சுக்க முடியாதுங்க. சாந்தாமணி அக்காவுக்கு வேற முழங்கால் முடியல. யோசிச்சுக்கங்க."

ரசாக் கேட்டோரக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது சாந்தாமணி நான்கு முட்டைகளையும் முந்தானையில் எடுத்துக்கொண்டு போனாள். கொட்டத்தான் சொன்னார் பாலுசாமி. அவளுக்கு மனம் வரவில்லை. மோட்டார் ரூமுக்குப் பின்னால் அடைக்குக் கிடந்த கோழியின் அடியில் வைத்துவிட்டாள்.

ஜீப் வந்தது. வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, தங்கள் வேலையைச் செய்தார்கள். மயிலைச் சாக்கில் கட்டினார்கள், மிஷினுக்குப் பறிமுதல் சீட்டுக் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். அவர்களில் ஒருவர் ரசாக்கின் டிபன் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். தக்காளி சோறும் ஊறுகாயும் இருந்தன. மூடிவைத்தார்.

"அது முட்டைமேல உக்காந்திருந்துச்சுங்க சார், அதான் எந்திரிக்கல. அண்ணனும் பாத்தாரு, கேளுங்க" என்றார் ரசாக்.

குழியில் போய்ப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. உடைந்த முட்டையின் ஓட்டைக்கூடப் பாலுசாமி பொறுக்கியிருந்தார்.

"நீங்க பாத்தீங்களா?"

பாலுசாமி தன் கையைப் பார்த்தார். நகத்துக்கடியில் மஞ்சள் காய்ந்திருந்தது.

"நான் கேட்டுப் பக்கத்துல இருந்தேனுங்க" என்றார்.

ரசாக் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஜீப்பில் ஏறும்போது ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பட்டையில் தைத்த நீலத் துணி ஜீப்புக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வந்தார்கள். மறுவாரம் மிதுன் புது மிஷின் ஒன்று வாங்கி அனுப்பினான். இனிமேல் வெளியாள் வேண்டாம், நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள் என்றான். பாலுசாமி ஓட்டினார். மாலையில் சோற்றைப் பிசைய முடியாமல் கை அதிர்ந்துகொண்டே இருந்தது.

பதினெட்டாம் நாள் காலை நஃபீசா வந்தாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தாள். கறுப்புப் பர்தாவின் ஓரமெல்லாம் செம்மண். பாலுசாமி அவளை மோட்டார் ரூம் பக்கம் கூட்டிப் போய்த் தண்ணீர் கொடுத்தார். அவள் குடிக்காமல் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"மறுபடியும் பதினஞ்சு நாள் ரிமாண்டு போட்டுட்டாங்கண்ணா. ஜாமீன் கெடைக்கறது செரமம்ங்கறாங்க. கறிக்காக அடிச்சாருன்னு ஊருக்குள்ள பேசறாங்க, கடையில பால்கூட மொகங்குடுத்துத் தர்றதில்ல. வக்கீலு ஒண்ணுதான் சொல்றாரு. அது அடையில இருந்துச்சு, அதான் எந்திரிக்கலன்னு பாத்தவங்க யாராச்சும் வந்து சொன்னா தெரியாம நடந்ததுன்னு ஆயிருமாம். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்ண்ணா. அவரு உங்க மேல ஒரு கொறையும் சொல்லல. அண்ணனுக்கு என்ன கஷ்டமோன்னுதான் சொன்னாரு."

பாலுசாமி வருகிறேன் என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் சாந்தாமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு அறை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"அம்மணி, உன்ற காலுல வேணாலும் உழுகறேன். இந்த ஊட்ட உட்டா நாங்க எங்க போவோம் சொல்லு" என்று அழுதாள்.

மோட்டார் ரூமுக்குப் பின்னாலிருந்து கோழி கொக்கரித்துக்கொண்டு வந்தது. பின்னால் மூன்று குஞ்சுகள். கால் நீளம், கழுத்து நீளம், மண் நிறம். பாலுசாமி காலைத் தட்டி விரட்டினார். கோழி ஓடியது. ஒரு குஞ்சு மட்டும் ஓடாமல் இறக்கையை அடித்து எழும்பித் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்தது. கோழிக்குஞ்சு அந்த வயதில் அப்படிப் பறக்காது.

நஃபீசா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொரிச்சு எத்தன நாளாச்சுங்ண்ணா?" என்று கேட்டாள்.

"மூணு நாளு."

அவள் தலையை ஆட்டினாள். சொம்பைத் தொட்டி மேல் வைத்தாள். சாந்தாமணி உள்ளே போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த ரசாக்கின் டிபன் டப்பாவை எடுத்து வந்து கொடுத்தாள். நஃபீசா அதை வாங்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தாள். பாலுசாமி பின்னாலேயே போனார்.

கேட்டருகே போன் அடித்தது. மேலே கம்பத்தில் கேமரா. மிதுனின் குரல் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்டது.

"ஏனுங்க பாலுசாமி, கேட்டுப் பக்கத்துல யாருங்க அது?"

நஃபீசா நின்று திரும்பினாள்.

"யாரோ... வழி கேட்டு வந்தவங்கங்க" என்றார் பாலுசாமி.

"அப்படீங்களா? உள்ளயிருந்து வந்தாப்பல இருந்துச்சுங்களே. கையில என்னமோ டப்பா இருக்குதுங்களே?"

பாலுசாமி போனைக் காதில் அழுத்திக்கொண்டு கம்பத்தைப் பார்த்தார். நஃபீசா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு டப்பாவைப் பர்தாவுக்குள் இழுத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்து, போனுக்குள் விழும்படி சத்தமாகக் கேட்டாள்.

"ஏனுங்க, பஸ் ஸ்டாப்புக்கு எந்தப் பக்கம் போகோணுமுங்க?"

பாலுசாமி கையைத் தூக்கி, அவள் நடந்து வந்த பாதையையே காட்டினார்.