மான்கொம்புக் காளான்

சீப்பை ஒரு இழுப்பு இழுத்ததும் அப்பாவின் முடி கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. யோன்சுன் சீப்பைப் பார்த்தாள், பிறகு அப்பாவின் தலையைப் பார்த்தாள். இறந்தவருக்குத் தலை வாரி, உதிர்கிற முடியைச் சின்னத் துணிப்பையில் முடிந்து அவரோடே பெட்டிக்குள் வைப்பது வழக்கம். நாலைந்து இழைதான் உதிரும் என்று கணக்குப் போட்டுத் தைக்கிற பை அது. இரண்டாம் முறை வாரியதிலேயே பை பிதுங்கியது.

"சக்கரை வியாதிக்காரன் தலை, அப்படித்தான் இருக்கும்," என்றார் சித்தப்பா தல்சு. அவர் கால்மாட்டில் உட்கார்ந்து அண்ணனின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். "ஆம்பளைப் பிள்ளை இருந்தா அவன் வாருவான். நீ வாருனா முடி கோவிச்சுக்கிட்டு வருது."

யோன்சுன் அப்பாவின் கையை எடுத்து விரித்தாள். உள்ளங்கைத் தோலும் உரிந்திருந்தது. போன மாதம் அவள் வந்தபோது கண்பார்வைதான் மங்கியிருந்ததே தவிர, மனிதர் நன்றாக இருந்தார். திடீரென்று காய்ச்சல், வாந்தி. ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அவள் வொன்ஜுவில் வேலை செய்யும் கேன்டீனுக்குப் போன் வந்து, பஸ் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பெட்டியை மூடி, மடக்குத் திரையை முன்னால் நிறுத்திப் படையல் வைத்தார்கள். சோறு, உலர்ந்த மீன், பேரிக்காய் எல்லாம் வந்துவிட்டன. சோஜு பாட்டிலைத் திறக்கப் போன பக்கத்து வீட்டுக்காரரைச் சித்தப்பா தடுத்தார்.

"கடைச் சரக்கு எதுக்கு? அண்ணன் ஒரு ஜாடி போட்டு வச்சிருக்கான்ல. அண்ணி, அதை எடுத்துட்டு வாங்க."

"அவர் போடல கொழுந்தனாரே, நான் போட்டது," என்றாள் அம்மா. அந்த வீட்டில் அன்று முதல்முறையாக அவள் குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. "மலை ஏற முடியலையேன்னு புலம்பிட்டே இருந்தாரு. நானே போய்க் காளான் பறிச்சுட்டு வந்து சாராயத்துல ஊற வச்சுக் குடுத்தேன்."

"என் சொந்த அண்ணன்! அஞ்சு நாளைக்கு முன்னாடி வந்து ஒரு மடக்கு கேட்டேன். படுத்த படுக்கையிலயும் ஜாடியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டான், பாவி. 'யாரும் தொடக் கூடாது, எனக்கு மட்டுந்தான்'னு கத்துறான். என்ன கஞ்சத்தனம்!" சித்தப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா ஜாடியைக் கொண்டுவந்து படையல் மேசையில் வைத்தாள். கண்ணாடிக்குள், விரல் விரலாகக் கிளைத்த காளான்கள் நின்றன. காய்ந்த மிளகாய்ச் சிவப்பு. மான்கொம்பு யொங்ஜி என்கிற மருந்துக் காளான் அப்படிக் கிளைக்கும்தான், ஊரே அதைத் தேடி அலையும்தான். ஆனால் அது தவிட்டு நிறமல்லவா?

யோன்சுன் ஜாடியருகே குனிந்தாள். "எங்கேம்மா பறிச்சே?"

"ஓடைக்கு மேல ஓக் மரம் ஒண்ணு சரிஞ்சு கிடக்குல்ல, அதுலதான்."

அந்த மரம் அவளுக்கும் தெரியும். உடம்பெல்லாம் பூசணம் பூத்து, ஒரு பக்கம் தட்டுத் தட்டாகக் காளான் அடுக்கி, கால் வைத்தால் உள்ளே போகும். சிறுமியாக இருந்தபோது அதன் வேரடியில் சிவப்புக் காளான் ஒன்றை ஒடித்துவிட்டு, அப்பாவிடம் முதுகில் ஒரு அறை வாங்கினாள். தொட்டாலே விஷம், கையைக் கழுவு, கையைக் கழுவு என்று கத்திக்கொண்டே அவளை ஓடைக்கு இழுத்துக்கொண்டு ஓடினார் அவர்.

"ஒடிக்கும்போது எப்படிம்மா இருந்துச்சு?"

"பொசுக்குன்னு ஒடிஞ்சுச்சு. உள்ள வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. அடடா, நல்ல இளசா கிடைச்சுதேன்னு அவ்வளவு சந்தோஷம் எனக்கு."

யொங்ஜி அப்படி ஒடியாது. கத்தி வைத்து அறுத்தாலும் கட்டையாய் மல்லுக்கு நிற்கும். ஐயோ அம்மா, என்ன காரியம் செய்தாய்!

சித்தப்பா கிண்ணத்தில் ஊற்றிப் படைத்தார். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். படைத்ததை எடுத்து ஆளுக்கு ஒரு வாய் குடித்தாக வேண்டும், மறுத்தால் போனவருக்கு அவமரியாதை. வரிசையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"முதல்ல அண்ணி," என்று கிண்ணத்தை நீட்டினார்.

குடிக்காதே என்று ஒரு வார்த்தை போதும். ஏன் என்று பத்துப் பேரும் கேட்பார்கள். அதற்கு இவள் சொல்லும் பதிலை அம்மா சாகும்வரை சுமக்க வேண்டும். அம்மா இரண்டு கைகளாலும் கிண்ணத்தை வாங்கினாள், வாயருகே கொண்டுபோனாள்.

"நான் ஊத்துறேன் சித்தப்பா!" என்று எழுந்தவள் துக்க உடுப்பின் ஓரத்தை மிதித்து அப்படியே முன்னால் விழுந்தாள். அம்மாவின் கையிலிருந்து கிண்ணம் பறந்தது. படையல் மேசை சாய்ந்தது. ஜாடி தரையில் விழுந்து சுக்குநூறானது.

"கண்ணு எங்கடி இருக்கு உனக்கு? அப்பன் சவத்துக்கு முன்னாடி இப்படியா கூத்தடிக்கிறது!" சித்தப்பாவின் கத்தல் முற்றத்தைத் தாண்டிக் கேட்டது. யோன்சுன் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். மறுபடி மறுபடி கேட்டாள். திட்டட்டும், ஊரெல்லாம் சொல்லித் திட்டட்டும்.

அம்மா குனிந்து சிவப்புத் துண்டு ஒன்றை எடுக்கப் போனாள்.

"தொடாதம்மா. கண்ணாடி."

துண்டுகளையெல்லாம் முறத்தில் கூட்டி அள்ளி, கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்தாள் யோன்சுன். வந்து, அடுப்படியில் வெந்நீர் கலந்து அம்மாவை உட்காரவைத்து, சோப்புப் போட்டு விரல் விரலாகத் தேய்த்தாள். விரல்நுனிகளில் தோல் பொரிந்திருந்தது.

அம்மா கையை அவளிடமே விட்டுவிட்டாள். விரல்களைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அவரும் இதேதான். கடைசி மூணு நாளும் வேற பேச்சே இல்ல. கையைக் கழுவு, கையைக் கழுவுன்னு ஒரே நச்சரிப்பு. காய்ச்சல்ல பிதற்றுறாருன்னு நினைச்சேன்."

யோன்சுன் தேய்ப்பதை நிறுத்தவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

அம்மாவின் விரல்கள் தண்ணீருக்குள் மெல்ல மடங்கின.

"தண்ணி ஆறிடுச்சு," என்றாள் அம்மா. "இன்னும் கொஞ்சம் ஊத்து."